ஐந்தாவது பத்தியில் ஒளிந்திருந்த ‘இல்லை’

விசிட்டர் சீட்டை நீட்டிக்கொண்டு ஒருவர் என் முன்னால் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

நாற்பது வயதிருக்கும். கான்பூரிலிருந்து ரயிலேறி நேர்காணலுக்கு வந்தவர். பேசி முடித்து வெளியே வந்து நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் நொய்டா அலுவலகத்தில் ஒரு வழக்கம்: வந்தவர் யாரைப் பார்த்தாரோ அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வாசல் காவலர் ஆளை வெளியே விடுவார். நேர்காணலுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கணக்கு. நான் பைக்குள் பேனா தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய போன் ‘டிங்’ என்றது. எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.

‘தங்கள் விண்ணப்பத்தை நீண்ட, கவனமான பரிசீலனைக்கு உட்படுத்திய பிறகு, வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது...’

அவர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. “மேடம்ஜி, கையெழுத்துப் போட்டுடுங்க. உள்ளேயும் வெச்சுக்க மாட்டேங்கறீங்க, வெளியேயும் விடமாட்டேங்கறீங்க” என்றார் இந்தியில். போட்டேன். பேங்கில் செக் திரும்பி வரும் அளவுக்குக் கோணலாக விழுந்தது.

நடந்தது இதுதான். ஆளெடுக்கும் மென்பொருளில் விண்ணப்பித்த ஒவ்வொருவரும் ஒரு சின்ன அட்டை. திரையில் வரிசையாகக் கட்டங்கள். அட்டையை இழுத்து ‘நிராகரிப்பு’ கட்டத்தில் போட்டால் கடிதம் தானாகப் போய்விடும். எத்தனை மணி நேரம் கழித்துப் போக வேண்டும் என்று சொல்லிவைக்க ஓர் இடம் இருக்கிறது. எங்களில் யாரும் அதைத் தொட்டதே இல்லை. நேர்காணல் செய்தவர், அவர் குடித்த தண்ணீர் டம்ளரை எடுப்பதற்குள் அட்டையை இழுத்துவிட்டார். நீண்ட பரிசீலனை என்பது லிப்ட் கீழே வரும் நேரம்.

அன்றைக்கே முடிவு செய்தேன்: தில்லியிலேயே மிக மரியாதையான நிராகரிப்புக் கடிதத்தை நான் எழுதப் போகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இப்போதுதான் ஆளெடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். குர்காவ்ன், நொய்டா என்று உட்கார்ந்து, உங்களைவிட மூத்தவர்களுக்கு ‘வருந்துகிறோம்’ அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். ஆளெடுப்பவர்களுக்கான இந்த மலருக்குப் பணி அனுபவம் எழுத, ஓய்வு பெற்ற பெரியவர் யாரையாவதுதான் முதலில் கேட்டார்களாம். நம் தொழிலில் யாரும் ஓய்வு பெறுகிற வரைக்கும் தாக்குப்பிடிப்பதில்லை என்பதால் முப்பத்தொரு வயதுக்காரியான என் தலையில் விழுந்தது. எட்டு வருடம் ஆகிறது. அறிவுரை சொல்லும் அளவுக்கு அறிவு வந்துவிட்டதா தெரியாது. சொதப்பல் கையிருப்பு நிறைய இருக்கிறது.

கடிதத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், சாரத்தைத் தமிழில் சொல்கிறேன். ஐந்து பத்திகள். முதல் பத்தியில், உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, இந்த வெயிலில் இரண்டு மெட்ரோ மாறி எங்களைத் தேடி வந்ததற்கு நன்றி. இரண்டாவதில் அவர் பேச்சில் எங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம். மூன்றாவதில், நீங்கள் போன பிறகும் எங்கள் குழு உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. நான்காவதில் வாழ்க்கை ஒரு பயணம், பாதைகள் சந்திக்கும் என்ற ரீதியில் ஏதோ. ஐந்தாவதில், தற்சமயம் இதை முன்னெடுத்துச் செல்ல இயலாத நிலையில் இருக்கிறோம். கடைசியில், ‘எங்கள் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும்.’ தலைப்பு: ‘எங்கள் குழுவிடமிருந்து அன்பான ஒரு குறிப்பு.’

இப்போது எழுதும்போதே காது சுடுகிறது. அப்போது புல்லரித்தது. எங்கள் தலைவி பம்மி மேடம் (நிஜப் பெயர் அவருடைய பான் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்) படித்துவிட்டு, “வாவ் வித்யா, இதைப் படிச்சா எனக்கே ரிஜக்ட் ஆகணும்போல இருக்கு” என்றார். கடிதத்தை மென்பொருளில் ஏற்றினோம். பதில்கள் வந்தன. இதயப் படம் போட்டு, கைகூப்பிய படம் போட்டு. வேண்டாம் என்று சொன்னதற்கு நன்றி சொல்கிறார்கள்! நான் அவற்றைப் படமெடுத்து ஒரு கோப்பில் சேர்த்துவைத்தேன்.

நடுவில் இரண்டு மூன்று பதில்கள் வேறு மாதிரி இருந்தன. ‘நன்றி. அடுத்த சுற்று எப்போது?’ நான் அதைப் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குக் காட்டிச் சிரித்தேன். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். என் எட்டு வருடத்தில் மிகப் பெரிய தப்பு கடிதம் எழுதியது அல்ல, அந்தச் சிரிப்புதான். ஒருத்தர் தப்பாகப் படித்தால் அவர் அவசரக்காரராக இருக்கலாம். மூன்று பேர் தப்பாகப் படித்தால், எழுதினவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதேகால். வாசல் காவலர் இன்டர்காமில் கூப்பிட்டார்.

“மேடம், புது ஸ்டாஃப் வந்திருக்காரு. லிஸ்ட்ல பேர் இல்லை. கையில மிட்டாய் டப்பா இருக்கு. உள்ள விடலாமா?”

“ஆளையா, டப்பாவையா?”

“டப்பாவை நான் செக் பண்ணிட்டேன் மேடம். லட்டு.”

கீழே போனேன். சரவணன். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு டீமுக்குத் தலைவர் வேலைக்கு வந்தவர். இருபத்தாறு வயது. அம்மா நாலு வீட்டில் சமையல் வேலை செய்து படிக்க வைத்தது, நேர்காணலில் அவரே சொன்னது. நன்றாகத்தான் பேசியிருந்தார். இன்னொருவர் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பேசிவிட்டார், அவ்வளவுதான். இப்போது புதுச் சட்டையில், மடிப்புக் கோடு இன்னும் மார்பில் தெரிய, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு நிற்கிறார். ஐ.டி. கார்டுக்காம்.

“குட்மார்னிங் மேடம். ஆஃபர் லெட்டர் கொஞ்சம் லேட்டாகும்னு எழுதியிருந்தீங்க. பரவால்ல. கதவு தொறந்திருக்கும்னு போட்டிருந்துச்சு, அதான் வந்துட்டேன்” என்றார், இந்தியில்.

 நான் எழுதிய எல்லாவற்றையும் அவர் நம்பியிருக்கிறார்.

“நீங்க தமிழா மேடம்?” என்று கேட்டார், நான் ‘ஐயோ’ என்றதைக் கேட்டு.

“ஆமா. திருநெல்வேலி. பொறந்தது வளர்ந்தது இங்க தில்லியில, மோதி பாக்.”

“நாங்க சேலம் பக்கம்க்கா.” மேடம் அக்காவாகிவிட்டாள். இன்னும் மோசம்.

உட்காரவைத்துக் கேட்டேன். சனிக்கிழமை மதியம் தங்கையோடு சரோஜினி நகர் மார்க்கெட்டில் இருந்திருக்கிறார். கூட்டத்தில் போன் அதிர்ந்தது. பூட்டிய திரையில் தெரிந்தது தலைப்பும் முதல் இரண்டு வரியும்தான். எங்கள் குழுவிடமிருந்து அன்பான குறிப்பு. உங்களைச் சந்தித்ததில் எங்கள் அனைவருக்கும் மகிழ்ச்சி. தங்கை நடுக்கடைத் தெருவில் கத்தியிருக்கிறாள். அந்த இடத்திலேயே இந்தச் சட்டை. வீட்டுக்குப் போய் முழுதும் படித்தார்களாம், மூன்று பேரும் சேர்ந்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே. ஐந்தாவது பத்தி வரும்போது அம்மா, “பெரிய ஆபீஸு, லேட்டாத்தான் தருவாங்க” என்று முடித்து வைத்திருக்கிறார்.

“அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?”

“ரிசைன் பண்ணிட்டேன்க்கா.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவே போவதில்லை.

இப்போது நிலைமை இது. அவர் வேலை பார்க்கும் இடம் ஓக்லாவில். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போனபோது ராஜினாமாவை அவர்களுடைய மென்பொருளில் போட்டிருக்கிறார். மேனேஜர் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும்வரை திரும்பப் பெறலாம், ஆனால் அதை அந்த அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் செய்ய முடியும். மேனேஜருக்கு சனி ஞாயிறு லீவு. இன்று பதினோரு மணிக்கு வருவார். வந்ததும் அழுத்திவிடுவார், ஏனென்றால் ஆளைக் குறைக்கச் சொல்லி அவருக்கு மேலே இருந்து நெருக்கடி. தானாக ஒருத்தன் போகிறேன் என்றால் அவருக்குப் பண்டிகை.

இதெல்லாம் சரவணன் சும்மா கதை போலச் சொன்னார். அவருக்குத்தான் இங்கே வேலை கிடைத்துவிட்டதே.

மணி ஒன்பதரை. நான் மேலே ஓடினேன். பம்மி மேடம் அப்போதுதான் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் உட்கார்ந்தார்.

“பேட்டா, கவனமாக் கேளு. ‘சாரி’ங்கற வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக்கூடாது. சாரின்னா தப்பை ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். அஞ்சாவது பாராவுல நோ சொல்லியிருக்கோம்ல?”

“அதை நோன்னு நானே இப்பக் கண்டுபிடிக்க முடியலை மேடம்.”

“மீட்டிங் ரூம்ல உட்கார வெச்சு சாய் குடு. லீகல்ல டிராஃப்ட் பண்ணித் தருவாங்க. சாயந்திரத்துக்குள்ள வந்துடும்.”

“பதினோரு மணிக்கு அவர் வேலை போயிடும்.”

“அது அவரோட கம்பெனி பிரச்சினை.”

பம்மி மேடம் கெட்டவர் இல்லை. டீமில் யாருக்கு ஜுரம் என்றாலும் வீட்டிலிருந்து கிச்சடி கொண்டுவருகிறவர். ஆனால் ஜுரத்துக்கு லீகல் ஒப்புதல் தேவையில்லை. ‘சாரி’ சொல்லக்கூடாது என்று அவர் சொன்னது சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சாயந்திரம் வரப்போகும் மிகச் சரியான கடிதம் யாருக்கும் உபயோகப்படாது. காலை ஒன்பதே முக்காலுக்குச் சொல்கிற அரைகுறை வாக்கியம் உபயோகப்படலாம்.

கீழே வந்தேன். சரவணன் காவலரோடு சேலம் மாம்பழம் பற்றி இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

“சரவணன், உங்களை நாங்க எடுக்கலை.”

ஐந்து வருடமாக ஆயிரக்கணக்கானவர்களை நிராகரித்திருந்தேன். ஒருத்தர் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மென்பொருள் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது சொல்லும்போது எதிரே முகமே இல்லாததால், அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு மௌனம் வரும் என்பதே எனக்குத் தெரியாது.

“வேற ஒருத்தரை எடுத்துட்டோம். அந்த லெட்டர் ரிஜக்‌ஷன் லெட்டர். புரியாத மாதிரி எழுதினது எங்க தப்பு. சாரி.”

அவர் லட்டு டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை.

“அந்த லெட்டரை யாரு எழுதினதுக்கா?”

“நான்தான்.”

“ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க.”

கிண்டல் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பாராட்டைப் போல என்னை யாரும் திட்டினதில்லை.

“அப்ப என் வேலை?” என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கு மணி ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டார். உடனே உட்கார்ந்தார். “அங்க போயி என்னன்னு சொல்றது? வேற கம்பெனிக்காரங்க துரத்திட்டாங்கன்னா? சிரிப்பாங்கக்கா. நம்பக்கூட மாட்டாங்க.”

வரவேற்பறை மேசையில் இருந்த கம்பெனித் தாள் ஒன்றை உருவினேன். கையாலேயே எழுதினேன். ‘சரவணனை நாங்கள் வேலைக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்ததாக நினைக்கும்படி எங்கள் கடிதம் இருந்தது. தவறு எங்களுடையது, அவருடையது அல்ல.’ கீழே என் பெயர், போன் நம்பர், கையெழுத்து. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த பிறகு கேட்பது, தப்பிக்கிறதுக்கு ஒரு நாகரிகமான வழி. அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

டாக்சியில் போனால், யமுனையைத் தாண்டும் காளிந்தி குஞ்ச் பாலத்தில், திங்கட்கிழமை நெரிசலில் குடித்தனமே நடத்தலாம். மெட்ரோவில் ஏறினோம். ஸ்டேஷனில் சோதனை மெஷினுக்குள் லட்டு டப்பா போய், மறுபக்கம் வந்தது. பாதுகாப்புக்காரர் மூடியைத் திறந்து பார்த்து “பதாயி ஹோ” என்று வாழ்த்தினார். சரவணன் “தேங்க்யூ சார்” என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. அவர் கடிதத்தை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தார். டப்பா என் மடியில்.

ஓக்லாவில் அவர் அலுவலக வாசலில் மணி பத்து நாற்பத்தைந்து. அவர் கார்டைத் தேய்த்து உள்ளே ஓடினார், டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு. நானும் பின்னாலேயே போனேன். வரவேற்பறையோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஒரு விசிட்டர் சீட்டைக் கொடுத்தார்கள். யாரைப் பார்க்க? சரவணன். நோக்கம்? ‘சொந்த விஷயம்’ என்று எழுதினேன். வெளியே போகும்போது அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எங்கள் வழக்கமேதான்.

ஆகவே உட்கார்ந்தேன். அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வெளியே வழி. பதினொன்று ஆனது. பதினொன்றேகால். போனில் பம்மி மேடத்தின் ஏழு தவறிய அழைப்புகள். கான்பூர்க்காரர் அன்று நின்ற நிற்பு எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. அவருக்காவது முடிவு தெரிந்திருந்தது.

பதினொன்றரைக்கு சரவணன் வந்தார். டப்பாவில் பாதி காலி.

“மேனேஜர் சீக்கிரமே வந்துட்டாருக்கா. ஸ்கிரீன்ல என் ரிசிக்னேஷன்தான் திறந்து வெச்சிருந்தாரு. உங்க பேப்பரைக் குடுத்தேன். படிச்சிட்டு சிரிச்சாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. ‘வேண்டாம்னு கைப்பட எழுதி ஸ்டாம்ப் ஒட்டாத குறையா குடுத்திருக்காங்களே, இந்த மாதிரி சர்ட்டிஃபிகேட் நான் பார்த்ததே இல்லை’ன்னாரு. அப்புறம் டப்பாவைப் பார்த்து, இது எதுக்குன்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“இங்கயே இருக்கப்போறேன் சார், அதுக்குத்தான்னேன். ஒண்ணு எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டு, ‘போ, வாபஸ் வாங்கிக்கோ’ன்னாரு.”

சீட்டில் கையெழுத்துப் போட்டார். என்னுடையதைவிட நேராக இருந்தது.

முழு வெற்றி என்று எழுத ஆசைதான். இல்லை. அடுத்த மாதம் அங்கே டீம் தலைவர் பதவிக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்ததாம். ‘போகிற ஆசை உள்ளவன்’ என்று அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் எழுதின ‘அன்பான குறிப்பு’ அவருக்கு ஒரு பதவி உயர்வைச் சாப்பிட்டுவிட்டது. என் மூன்று வரி அதைத் திருப்பித் தரவில்லை.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றி நிறுவனத் தாளைப் பயன்படுத்தியதற்கு எச்சரிக்கை. முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத நடை. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதையே மாதிரியாக வைத்துக்கொண்டேன்.

புதுக் கடிதத்தை எழுதி முதலில் சரவணனுக்குத்தான் அனுப்பினேன். வெட்கத்தை விட்டு. அவர் மெட்ரோவில் நின்றபடி குரல் செய்தி அனுப்புவார். “அக்கா, போன் லாக் ஆயிருக்கும்போது எவ்ளோ தெரியுதோ அதுக்குள்ள ‘இல்லை’ வந்துடணும்.” “அக்கா, ‘மிகுந்த மரியாதையுடன்’ வேணாம். போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு.” “அந்தக் கதவை மூடிடுங்கக்கா, ப்ளீஸ்.” மூடினேன். இப்போது எங்கள் கடிதம் நான்கு வரி. முதல் வரியில் முடிவு. அடுத்ததில் உண்மையான காரணம் இருந்தால் காரணம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அட்டையை இழுத்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் போகும், வெள்ளிக்கிழமை இழுத்தால் திங்கட்கிழமை. இதயப் படங்கள் அறவே நின்றுவிட்டன. ‘சரி, நன்றி’ என்று வருகிறது. சில நாள் திட்டும் வருகிறது. திட்டுகிறவர்களுக்குக் கடிதம் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறேன். பம்மி மேடம் மட்டும் பழைய கடிதத்தை நினைத்து இன்னும் பெருமூச்சு விடுகிறார்.

நீங்கள் கேட்கலாம், மரியாதை எங்கே என்று. நானும் ரொம்ப நாள் அதைப் பெயரடைகளில்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒருத்தர் தன் அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள முடிந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். மாற்றியும் நினைக்கலாம், எனக்கு இன்னும் வயதிருக்கிறது.

இது நடந்து மூன்று வருடம். போன மாதம் எங்கள் மென்பொருளில் ஒரு அட்டை வந்து விழுந்தது. பெயர்: சரவணன். அதே பதவி. என்னிடம் சொல்லாமலே விண்ணப்பித்திருக்கிறார். ‘அக்கா சிபாரிசு’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். நான் தேர்வுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். கடைசிச் சுற்றுவரை வந்தார். இன்று மாலை குழு கூடியது. வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

அட்டையை இழுத்தால் நாளைக் காலை பத்து மணிக்கு நான்கு வரி தானாகப் போய்விடும். அவரே திருத்திக் கொடுத்த நான்கு வரி. இழுக்கவில்லை. நேரில் வந்துபோனவர்களுக்கு இனிமேல் நாமே போன் செய்து சொல்வது என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பம்மி மேடம் “ஒருத்தரை வெச்சு டிரை பண்ணிப் பாரு, ஃபோன்ல அழுதேன்னா நான் பொறுப்பில்லை” என்றிருக்கிறார்.

நாளைக்கு அவருக்குத்தான் முதல் போன். பத்து மணிக்கு அவர் டீ குடிக்க வெளியே வருவார், தெரியும். முதல் வரியை எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்: ‘சரவணன், இந்தத் தடவையும் இல்லை.’

இரண்டாவது வரியை எழுதவில்லை. அது அவர் பேசிய பிறகுதான்.